விரல் நுனியில் ஒரு துளி இரத்தம்: அதற்கு யார் பணம் தருவது?

கிறிஸ்துவுக்குள் பிரியமான பங்காளர்களே,



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிச் சபைகளுக்கு நாங்கள் வரும்போதெல்லாம் உங்களில் சிலர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "இப்போதுதான் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு வந்துவிட்டதே! பிறகு எதற்காகச் சர்க்கரை நோயாளிகளின் ஸ்ட்ரிப் நிதிக்குத் தனியாகக் காணிக்கை கேட்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்று அறிய உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே இந்த இதழில் அதற்கு விவரமாகப் பதில் எழுதுகிறோம்.

ஒரு ஞாயிறு இரவு

முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை அவன் பெற்றோர் ஒரு ஞாயிறு இரவு எங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். ஓயாத வாந்தி, வேகவேகமான மூச்சு, நாக்கு உலர்ந்து பேச்சு குழறிய நிலை. அவனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். அதாவது அவனுடைய கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லை. உயிரோடிருக்க வேண்டுமானால் அனுதினமும் ஊசி போட்டுத்தான் ஆகவேண்டும். எவ்வளவு போடுவது என்பதை அறிய, விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்துக் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் மூன்று தடவை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை என நாளைக்கு நான்கு தடவையாவது பார்ப்பது நல்லது. காய்ச்சல் வந்தால் இன்னும் அதிகம் பார்க்க வேண்டும்.

அந்த வீட்டில் மாதம் பிறந்தவுடன் நான்கு தடவை பார்ப்பார்கள். இருபதாம் தேதிக்கு மேல் இரண்டாகும். மாதக் கடைசியில் ஒன்று, அல்லது அதுவும் இல்லை. அந்த வாரம் பையனுக்குக் காய்ச்சல். ஸ்ட்ரிப் தீர்ந்துபோயிருந்தது. சரியாகச் சாப்பிடவில்லையே, ஊசி போட்டால் சர்க்கரை இறங்கிவிடுமோ என்று பயந்து இன்சுலினைக் குறைத்துவிட்டார்கள். அளந்து பார்த்திருந்தால் சர்க்கரை இறங்கவில்லை, ஏறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்திருக்கும். அதற்குள் இரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிட்டது. இது உயிரையே பறிக்கக்கூடிய நிலை. தீவிர சிகிச்சைப் பிரிவில் குளுக்கோஸும் உப்புநீரும் இன்சுலினும் ஏற்றி, மணிக்கொரு தரம் சோதித்து, தேவ கிருபையால் மூன்றாம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான்.

தகப்பனார் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கம்பெனி எடுத்துக் கொடுத்த குழுக் காப்பீட்டுப் பாலிசி இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவு 40,000 ரூபாயைத் தாண்டியது. காப்பீட்டு நிறுவனம் அதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டது. அதற்காக நன்றி சொல்லுகிறோம். வீட்டுக்குப் போன பிறகு வாங்கிய இன்சுலினுக்கும் பணம் வந்தது. ஆனால் ஸ்ட்ரிப் வாங்கிய பில் மட்டும் திருப்பி அனுப்பப்பட்டது. அன்றைக்கு அந்தத் தாய் எங்கள் செவிலியரிடம் கேட்டதை நாங்கள் இன்னும் மறக்கவில்லை: "சிஸ்டர், ஆஸ்பத்திரியில படுத்தா காசு தர்றாங்க. படுக்காம இருக்கறதுக்குத் தர மாட்டாங்களா?"

காப்பீடு எப்படி அமைந்திருக்கிறது?

நம் நாட்டில் பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் ஆஸ்பத்திரிப் படுக்கையை அடிப்படையாக வைத்து எழுதப்பட்டவை. குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால் செலவு கிடைக்கும். 2020 ஏப்ரலில் அறிமுகமான "ஆரோக்ய சஞ்சீவினி" என்ற பொதுவான பாலிசியில், சேருவதற்கு முந்தின 30 நாள் செலவும், வீடு திரும்பிய பின் 60 நாள் செலவும் அடங்கும். அதற்கு அப்பால் வீட்டில் நடப்பது நோயாளியின் பொறுப்பு.

ஸ்ட்ரிப்பைப் பற்றித் தனியாகவே ஒரு விதி உண்டு. எந்தெந்தப் பொருளுக்குத் தனியாகப் பணம் இல்லை என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பட்டியல்களில், குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் "சிகிச்சைச் செலவுக்குள் அடங்கியவை" என்ற வரிசையில் வந்தன. அதாவது ஆஸ்பத்திரியில் சோதித்தால் அது சிகிச்சைக் கட்டணத்தில் சேர்ந்தது. அதற்கென்று தனிப் பில் போடக் கூடாது. இங்கே எங்கள் குறையையும் அறிக்கையிட வேண்டும். முன்பு எங்கள் பில்லிங் பிரிவில் ஸ்ட்ரிப்புக்குத் தனி வரி போட்டு வந்தோம். காப்பீட்டு நிறுவனம் அதைக் கழித்துவிடும். கழித்த பணத்தை நோயாளி கையிலிருந்து கட்டுவார். இப்போது அதைத் திருத்திக்கொண்டோம்.

காப்பீட்டு நிறுவனங்களின் பக்கத்தையும் சொல்லுவது நியாயம். எப்போது வரும் என்று தெரியாத ஆபத்துக்காகப் பலர் சேர்ந்து பணம் போட்டு வைப்பதே காப்பீடு. ஸ்ட்ரிப்போ மாதந்தோறும் நிச்சயமாக வரும் செலவு. ஆகையால் அது தங்கள் வேலை அல்ல என்பார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு ஸ்ட்ரிப் சுமார் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு நான்குக்கு 80 ரூபாய், மாதத்துக்கு 2,400, ஆண்டுக்கு 28,800 ரூபாய். அந்தச் சிறுவனை ஒரேயொரு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கு ஆன செலவு இதைவிட அதிகம்!

வெளிநாட்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துச் சட்டமே மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டம், 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1998 ஜூலை முதல், இன்சுலின் போடுகிறவர் போடாதவர் எல்லாருக்கும் குளுக்கோமீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் தன் வரம்புக்குள் சேர்த்தது. இன்சுலின் போடுகிறவருக்கு மூன்று மாதத்துக்கு 300 ஸ்ட்ரிப் வரையும், மற்றவருக்கு 100 வரையும் அங்கே அனுமதி உண்டு.

நம் ஊரே கற்றுக் கொடுத்த பாடம்

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அறிவீர்கள். 1928ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக இங்கே சுகவாச நிலையம் ஒன்றை நிறுவினார். நல்ல காற்று, ஓய்வு, படுக்கை இவைதாம் அன்றைய சிகிச்சை. நோயாளி வீட்டிலிருந்தபடியே குணமாகலாம் என்று அந்நாளில் பலர் நம்பவில்லை.

1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் அதைச் சோதித்துப் பார்த்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஆஸ்பத்திரியில் வைத்தும், மற்றவர்களை நெருக்கமான ஏழை வீடுகளில் விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அவர்களைப் போலவே குணமானார்கள் என்று 1959ல் வெளியான முடிவுகள் உலகுக்குக் காட்டின. அதன்பின் காசநோய்ச் சிகிச்சை படுக்கையை விட்டு வீட்டுக்கு வந்தது. அரசும் மருந்தை இலவசமாகக் கொடுத்தது. சரியான பொருள் கையில் இருந்தால் வீடும் சிகிச்சைக்கான இடமே என்று உலகுக்கு நிரூபித்த நகரம் நம்முடையது. சர்க்கரை நோயில் மாத்திரம் பணம் இன்னும் படுக்கையைச் சுற்றியே நிற்கிறது.

இன்று கிடைக்கக்கூடிய உதவிகள்

ஆகிலும் ஒன்றுமே கிடைக்காது என்று சோர்ந்துபோக வேண்டாம். உங்கள் வீட்டிலோ சபையிலோ சர்க்கரை நோயாளிகள் இருந்தால் கீழ்க்கண்டவற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

1. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2018 முதல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இது பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கானது. வீட்டு ஸ்ட்ரிப்புக்கு அல்ல. ஆனாலும் அட்டை எடுத்து வைத்திருங்கள். கால் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ வந்தால் அது குடும்பத்தைக் கடனிலிருந்து காக்கும்.

2. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு இது பெரிய ஆசீர்வாதம். நாளைக்கு நான்கு தடவை பார்க்க வேண்டிய பிள்ளைக்கு மாத்திரம் இது போதாது.

3. மெப்ஸ் போன்ற தொழிற்பேட்டைகளில் வேலை செய்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் புறநோயாளிச் சிகிச்சைக்கும் உரியவர்கள். மருந்துக் கடைக்குப் போகுமுன் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேளுங்கள்.

4. தனியார் பாலிசிகள் சிலவற்றில் கூடுதல் பிரீமியத்துக்குப் புறநோயாளிச் செலவும் சேர்க்கலாம். கையெழுத்திடுமுன், சோதனைப் பொருள்கள் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்பெனிப் பாலிசியானால் ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது நிபந்தனைகளைப் பேசி மாற்ற நிர்வாகத்தால் முடியும். தொழிலாளர்கள் சேர்ந்து கேட்டால் வழி பிறக்கலாம்.

5. மருத்துவரின் சீட்டில் நோயின் பெயரும் நாளைக்கு எத்தனை தடவை சோதிக்க வேண்டும் என்பதும் தெளிவாக இருக்கட்டும். பில்லில் நோயாளியின் பெயர் இருக்கட்டும். கிளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முறையிட்டு ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லாவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி மனுச் செய்யலாம். பாலிசியிலேயே விலக்கப்பட்ட பொருளை அவராலும் வாங்கித் தர முடியாது என்பதையும் மறவாதிருங்கள்.

6. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள், காப்பீடு இல்லாத 60 வயதுக்கு மேற்பட்ட பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு பெறலாம். ரொக்கமாகக் கொடுத்த பணம் இதில் சேராது.

இன்னொரு நற்செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய விலையையே கேட்டால் பில்லைப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் காணிக்கை செய்வது என்ன?

இவ்வளவுக்குப் பிறகும் விழுகிற இடைவெளியில்தான் உங்கள் ஸ்ட்ரிப் நிதி நிற்கிறது. டைப் 1 நோயுள்ள பிள்ளைகளுக்கும், இன்சுலின் போடும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் முதலிடம் கொடுக்கிறோம். யாருக்கும் பணமாகக் கொடுப்பதில்லை. காலி டப்பாவையும் சர்க்கரை அளவு எழுதிய நோட்டையும் கொண்டுவந்து காட்டினால் அடுத்த டப்பா. முடிந்தவர்கள் விலையில் ஒரு பங்கைச் செலுத்துகிறார்கள். முடியாதவர்களை நாங்கள் கேட்பதில்லை.

அந்த முடிச்சூர்ப் பையனின் நோட்டு இப்போது எங்கள் மேசைக்கு மாதந்தோறும் வருகிறது. நாளுக்கு நான்கு எண்கள். சில நாட்களில் எண் ஏறியிருக்கும். பக்கத்திலேயே "அக்கா கல்யாணம், லட்டு" என்று உண்மையை எழுதியிருப்பான்! ஏறியது தெரிந்ததால் இன்சுலினைச் சரிசெய்ய முடிகிறது. அந்த இரவுக்குப் பின் அவன் எங்கள் அவசரப் பிரிவுக்கு வரவில்லை. அவன் தகப்பனாரும் உடன் வேலை செய்பவர்களும் பாலிசியில் புறநோயாளிச் செலவைச் சேர்க்கும்படி எங்கள் மருத்துவரின் கடிதத்தோடு நிர்வாகத்தைக் கேட்டிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.

நல்ல சமாரியனை நினைத்துப் பார்க்கிறோம். அவன் காயங்கட்டி, சத்திரத்தில் சேர்த்ததோடு தன் கடமை முடிந்தது என்று போய்விடவில்லை. மறுநாள் சத்திரக்காரன் கையில் பணம் கொடுத்து, மேலும் செலவானால் தான் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிப் போனான். விபத்து நடந்த நாளுக்கு அப்பாலும் அவன் யோசித்தான். காப்பீடு நின்றுவிடுகிற இடத்துக்கு அப்பால் யோசிக்கிற உங்களுக்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம்.

ஒரு பிள்ளையை ஒரு மாதம் தாங்க 2,400 ரூபாய். ஒரு ஓய்வுநாள் பள்ளி வகுப்போ, ஒரு வாலிபர் சங்கமோ சேர்ந்து ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளலாம். மருத்துவமனை அலுவலகத்தில் தெரிவித்தால் போதும்.

ஜெபக் குறிப்புகள்

- மாதக் கடைசியில் ஸ்ட்ரிப்பை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் தாய்மாருக்காக.
- அந்தத் தொழிற்சாலை நிர்வாகம் நல்ல முடிவு எடுக்கும்படியாக.
- வீட்டுச் சோதனைப் பொருள்களையும் காப்பீட்டில் சேர்க்க அரசும் ஒழுங்குமுறை ஆணையமும் வழி திறக்கும்படியாக.
- எங்கள் செவிலியர்களின் பெலத்துக்காகவும் பொறுமைக்காகவும்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

அவருடைய ஊழியத்தில் உங்களோடு,
மருத்துவமனை ஊழியர்கள்