வெள்ளையடிக்கும் முன் விரிசலைப் பாருங்கள்

இடுக்கி மலையில் வீட்டு விலை ஏலக்காய் விலையின் பின்னாலேதான் போகும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ காய் 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த நேரத்தில் சூரியநெல்லி, சின்னக்கானல், பூப்பாறை பக்கம் ஐந்து சென்ட் இடமும் அதில் ஒரு வீடும் வைத்திருந்தவர், தன் விலையைச் சொல்லிவிட்டு நிம்மதியாகக் காத்திருக்கலாம். 2022 வாக்கில் அதே காயின் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே வந்தது. பிறகு விலை தேறியபோது 2024 கோடை வறட்சி தோட்டங்களைக் காயவைத்தது. கையில் பணம் மிஞ்சியவர்களும் அதை மறுநடவுக்கும் தண்ணீருக்கும் போட்டார்கள். வீடு வாங்கும் யோசனை தள்ளிப்போனது.

யானை இன்னொரு காரணம். பன்னியார் ரேஷன் கடையை அரிசிக்காகத் திரும்பத் திரும்ப உடைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அது அங்கிருந்து கம்பம் வரை இறங்கி வந்ததும், தமிழக வனத்துறை ஜூன் மாதம் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டதும் எல்லோருக்கும் தெரியும். அரிக்கொம்பன் போனான், யானைகள் போகவில்லை. ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தைச் சுற்றி அவை இருக்கத்தான் செய்கின்றன. 301 காலனியில் பழங்குடிக் குடும்பங்கள் பலவும் யானைக்குப் பயந்து விட்டுப்போன வீடுகளைப் பார்த்தவர், இந்தப் பக்கம் அட்வான்ஸ் கொடுக்க ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கிறார்.

பட்டயப் பிரச்சினை அதற்கும் பழையது. 1964 நில ஒப்படை விதிகளின்படி அரசு கொடுத்த பட்டயம், குடியிருக்கவும் விவசாயம் செய்யவும்தான். அந்த நிலத்தில் ஹோம்ஸ்டே, கடை, ரிசார்ட் என்று கட்டியவர்கள் பல வருடங்களாகத் தவிக்கிறார்கள். 2023 செப்டம்பரில் கேரள சட்டமன்றம் நில ஒப்படைச் சட்டத்தைத் திருத்தி, அவற்றை முறைப்படுத்த வழி திறந்தது. திறந்த வழியில் காகிதம் நகர நேரம் பிடிக்கும் என்பது மலைக்காரர்களுக்குப் புதிய செய்தி இல்லை.

இப்படி மந்தமான நேரத்தில் வீட்டை எப்படி விற்பது? நகரத்தில் ஒரு வழி சொல்கிறார்கள். ஸ்டேஜிங் என்று பெயர். 1970களில் அமெரிக்காவில் தொடங்கிய வழக்கம் இது. வீட்டில் இருக்கும் சாமான்களைக் குறைத்து, சுவருக்கு இளநிறம் அடித்து, விளக்குகளை மாற்றி, வாங்க வருகிறவர் தன்னை அந்த வீட்டில் வைத்துப் பார்க்கும்படி ஒழுங்கு செய்வது. கொச்சியிலும் சென்னையிலும் அடுக்குமாடி விற்கிறவர்கள் மாதிரி வீடு என்று இதைத்தான் செய்கிறார்கள். அங்கே இது பலிக்கும். அந்த வீடு நிற்கிற மண்ணைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

சூரியநெல்லியிலும் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. மலை வீட்டைக் காட்டுகிறவர் காலையில் காட்ட வேண்டும். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியாது. மூடிக் கிடந்த வீட்டில் ஓத நாற்றம் அடிக்கும். ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஜன்னல்களைத் திறந்துவைத்து, மெத்தையையும் பழைய துணியையும் வெளியேற்றி, சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரிகளைக் கொஞ்சம் தள்ளிப்போட்டாலே பாதி நாற்றம் போய்விடும். கூரை ஷீட்டின் மேல் தேங்கிய இலைச் சருகைக் கூட்டித் தள்ளலாம். வாசலுக்கு ஏறும் படிகளில் பாசியைச் சுரண்டலாம். வழுக்கி விழுந்தபடி வீட்டுக்குள் வருகிறவர் நல்ல விலை சொல்ல மாட்டார். குளியலறையில் வெந்நீர் வருகிறதா என்று திறந்து காட்டலாம். கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஊற்றா, கிணறா, குழாயா என்பதைக் கேட்காமலே சொல்லலாம். இவ்வளவும் நியாயமான தயாரிப்பு. இதற்குப் பெரிய செலவும் கிடையாது.

எனக்கு பயம் வருவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். வீட்டை விற்பதென்று முடிவானதும் இந்தப் பக்கம் முதலில் வாங்குவது புட்டி. சுவரில் இருக்கும் விரிசலுக்குள் அதை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே இரண்டு கோட்டு பெயின்ட். நாலு நாளில் வீடு புதிதாகிவிடும். புரோக்கரும் அதைத்தான் சொல்வார்: “அண்ணே, விரிசல் கண்ணில பட்டுச்சுன்னா பார்ட்டி ஜீப்பை விட்டே இறங்க மாட்டாங்க.” வாங்குகிறவர் முதலில் கண்ணால்தான் வாங்குகிறார் என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மலைச்சரிவில் விரிசல் என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

விரிசல்களில் வகை உண்டு. பூச்சு காய்ந்ததால் வரும் மெல்லிய கோடுகள் வலைபோல் பரவி நிற்கும். அவற்றால் ஆபத்து இல்லை, அவற்றை அடைத்துப் பெயின்ட் அடிப்பதில் தவறும் இல்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், செங்கல்லையே பிளந்து போகும் விரிசல், ஒரு பக்கத்து உதடு மறு பக்கத்தைவிட வெளியே தள்ளி நிற்கும் விரிசல் ஆகியவை அடித்தளம் நகர்வதைக் காட்டுகின்றன. இவை எல்லாவற்றையும்விட மோசமானது, சுவரில் தொடங்கித் தரையில் இறங்கி முற்றத்து மண்ணிலும் அதே வரிசையில் ஓடும் விரிசல். அங்கே நகர்வது வீடு இல்லை, சரிவு. கூடவே வேறு அடையாளங்களும் தெரியும். போன வருடம் சரியாகச் சாத்திய கதவு இந்த வருடம் நிலையில் உரசும். மின்கம்பமும் சில்வர் ஓக்கும் சரிவுப் பக்கம் சாயும். எப்போதும் தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கி வரும், அல்லது இல்லாத இடத்தில் புது ஊற்று கிளம்பும்.

விரிசல் நகர்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கொத்தனார்களிடம் பழைய முறை ஒன்று இருக்கிறது. விரிசலின் குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டை சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவிடுவார்கள். ஒரு மழைக்காலம் தாண்டியும் கண்ணாடி உடையாமல் இருந்தால் விரிசல் நின்றுவிட்டது. உடைந்தால் மண் இன்னும் நகர்கிறது. சில ரூபாய்ச் செலவில் கிடைக்கும் இந்த அறிவை, புட்டி பூசிய அன்றே அழித்துவிடுகிறோம். வாங்குகிறவருக்கு மட்டும் இல்லை, பின்னால் வந்து பார்க்கும் என்ஜினீயருக்கும் ஆதாரம் இல்லாமல் போகிறது.

விரிசல் வருவதற்குப் பெரும்பாலும் மலையைக் குறை சொல்ல முடியாது. சரிவைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழே தள்ளி, பாதி வீட்டை வெட்டிய தரையிலும் பாதி வீட்டைத் தள்ளிய மண்ணிலும் நிறுத்துகிறோம். இரண்டும் ஒரே வேகத்தில் அமுங்குவதில்லை. பின்னால் கட்டும் கல்லுக்கட்டில் தண்ணீர் வெளியேற ஓட்டை விடாமல் முழுக்கச் சிமென்ட் பூசி மூடுகிறோம். ஓட்டை இருந்தால் சுவர் அசிங்கமாகத் தெரிகிறதாம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அது ஓய்ந்ததும் அக்டோபரில் வரும் துலாமழையும் அந்தச் சுவருக்குப் பின்னால் தேங்கும். ஊறிய மண்ணின் கனத்தை அந்தச் சுவர் எத்தனை வருடம் தாங்கும்? விற்பனைக்கு முன் ஆயிரக்கணக்கில் பெயின்டுக்குச் செலவழிப்பவர், அந்தப் பணத்தில் கல்லுக்கட்டில் நீர்த்துளை போட்டு, மேல் சரிவுத் தண்ணீரை வீட்டைச் சுற்றித் திருப்பி ஓடைக்குக் கொண்டுபோகும் கால்வாய் ஒன்றை வெட்டினால், அதுதான் வீட்டைத் தயார் செய்வது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், இந்த வீடுகளை யார் வாங்குகிறார்கள் என்பது. வியூ பார்த்து ரிசார்ட்டுக்கு இடம் தேடுகிறவர் தன்னோடு என்ஜினீயரை அழைத்து வருவார், வக்கீலை வைத்துக் காகிதம் பார்ப்பார். நாலு சென்ட், ஐந்து சென்ட் வீட்டுக்கு வருகிறவர் வேறு. எஸ்டேட் லயத்திலேயே பிறந்து, கொழுந்து கிள்ளியே வயதாகி, வேலை முடிந்ததும் லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டிய தமிழ்க் குடும்பங்கள் அவர்களில் அதிகம். பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் சேர்த்து, அவர்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு வீடுதான் வாங்க முடியும். அந்த ஒரே வீட்டின் சுவரில் புட்டிக்கு அடியில் சாய்வு விரிசல் இருந்தால், மூன்று மழை தாண்டி அவர்கள் எங்கே போவார்கள்? கீழே போடிக்கு இறங்கி வாடகைக்குத்தான்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை இறங்கி லயங்கள் புதைந்தன. 70 பேர் போனார்கள், ஏறக்குறைய எல்லோரும் தோட்டத்துத் தமிழர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அங்கே சுவரில் விரிசல் வந்து எச்சரிக்கவில்லை. வெகுதொலைவில் மேலே இருந்த சரிவு உடைந்து வந்தது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, வீட்டின் நான்கு சுவர் மட்டும் வீடு இல்லை, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்பதும் வீடுதான். மூணாறு கேப் ரோட்டில் நெடுஞ்சாலையை அகலப்படுத்திய 2019, 2020 ஆண்டுகளில் பாறை சரிந்து பாதை மறுபடி மறுபடி அடைபட்டதை இந்த ஊர்க்காரர்கள் தினமும் பார்த்தவர்கள். மேல் சரிவில் புதிதாக மண் வெட்டியிருக்கிறார்களா, ஓடையின் வழியை மறித்துக் கட்டடம் வந்திருக்கிறதா என்று விற்கிறவருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து ஒரு காலைப் பொழுது வந்து பார்த்துப் போகிறவருக்குத் தெரியாது.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, விற்கிறவர் தனக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை, சொத்திலும் சரி உரிமையிலும் சரி, வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. “பார்த்துத்தானே வாங்கினார்” என்பது புட்டி பூசியவருக்குப் பாதுகாப்பு ஆகாது. பார்க்க முடியாதபடி செய்ததே அவர்தான்.

உரிமைக் குறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்னக்கானல் உள்ளிட்ட மூணாறு வட்டாரக் கிராமங்களில் கட்டடத்துக்கு வருவாய்த்துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். பத்திரம், பட்டயத்தின் நகல், நடப்பு வருடத்து நிலவரி கட்டிய ரசீது, கைவசச் சான்று, வில்லங்கச் சான்று, பஞ்சாயத்து கொடுத்த வீட்டு நம்பர், இருந்தால் அந்தத் தடையில்லாச் சான்று எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, விளம்பரம் செய்யும் முன்பே வைத்துக்கொள்ளுங்கள். பட்டயத்தின் பின்பக்க நிபந்தனைகளைப் படித்துப்பாருங்கள். கேரளாவில் முத்திரைத்தாளுக்கு 8 சதவீதமும் பதிவுக்கு 2 சதவீதமும் வாங்குகிறவர் தலையில் விழுகிறது. விலைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கட்டப்போகிற மனிதரைக் காகிதத்துக்காக ஆறு மாதம் அலையவிட்டால், அவர் வேறு வீடு பார்ப்பார். மந்தமான சந்தையில் பல விற்பனைகள் உடைவது இந்த இடத்தில்தான், சுவரின் நிறத்தில் இல்லை.

விரிசலைச் சொன்னால் விலை குறையுமே என்று கேட்பார்கள். குறையும். ஆனால் குறைந்த விலையில் முடிகிற விற்பனை, அட்வான்ஸ் வாங்கிய பிறகு மழையில் விரிசல் மறுபடி வாய்திறந்து முறிகிற விற்பனையைவிட மேல். சூரியநெல்லி பெரிய ஊர் இல்லை. ஒரு வீட்டில் ஒரு அக்ரிமென்ட் முறிந்தால் ஜீப் ஸ்டாண்டிலிருந்து டீக்கடை வரை அன்றைக்கே தெரியும். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் பழைய விலையைக் கேட்க மாட்டார்கள். அதற்கு மாறாக, “இந்த விரிசல் 2018 வெள்ளத்தில் வந்தது, கால்வாய் வெட்டிய பிறகு கண்ணாடி ஒட்டிப் பார்த்தோம், இரண்டு மழையிலும் உடையவில்லை” என்று தேதியோடு காட்டுகிறவரின் வீட்டை, தயங்கி நிற்கிறவரும் நம்பி வாங்குவார். இறங்கு சந்தையில் விற்கிறவரிடம் இருக்கும் நல்ல சரக்கு இந்த நம்பிக்கைதான்.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. மண் சரிவு அபாயத்தைக் காட்டும் வரைபடங்கள் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திடம் உள்ளன. பத்திரப் பதிவின்போது நிலவரி கட்டிய ரசீதைக் கேட்பதுபோல, அந்த இடம் வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதற்கும் ஒரு தாளைக் கேட்டால், இந்த ஏமாற்றில் பாதி அன்றே நின்றுவிடும்.

அது வரும்வரை வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சூரியநெல்லியில் வீடு பார்க்க வருகிறவர்கள் ஜனவரி வெயிலில் ஒருமுறை வந்தால் போதாது. ஜூலை மழையிலும் ஒருமுறை வாருங்கள். வீட்டின் பின்புறம் போய்க் கல்லுக்கட்டைப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவராக இருந்தால், எதற்காக இப்போது அடித்தீர்கள் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் போன மழையில் இங்கே என்ன ஆனது என்று விசாரியுங்கள். அதன் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.