பனிமலையில் முதல் மூன்று நாள்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்ததும் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கவலை தோய்ந்த முகத்துடன் வந்து நின்றார். கனடாவில் வேலை பார்க்கும் அவருடைய மகன், வார இறுதியில் நண்பர்களோடு மலைக்குச் சென்று, பலகையில் நின்றபடி பனியில் சறுக்கக் கற்கப்போவதாகத் தொலைபேசியில் சொன்னானாம். "சாமி, மழைக்காலத்தில் வரப்பில் நடக்கவே நமக்குக் கால் வழுக்குகிறது. பனியிலே பலகை போட்டு நின்றால் என்னவாகும்? போக வேண்டாமென்று சொல்லிவிடட்டுமா?" என்று கேட்டார்.

இஃது அவர் ஒருவருடைய கேள்வியன்று. பிள்ளைகள் படிக்கவும் பிழைக்கவும் குளிர்நாடுகளுக்குச் சென்றிருக்கும் குடும்பங்கள் இன்று நம்மிடையே பல. பனி விழத் தொடங்கியதும் அந்நாட்டு இளைஞர் மலையை நோக்கிப் புறப்படுவர். உடன் பணிபுரியும் நம் பிள்ளைகளையும் அழைப்பர். ஆஸ்திரியாவின் திரோல் மலைநாட்டில் இரண்டு குளிர்காலம் உதவிப் பணி செய்தவன் என்ற முறையிலும், அங்கே ஓய்வு நாள்களில் அப்பலகையில் ஏறிச் சிறிது பழகியவன் என்ற முறையிலும் நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

பனியில் சறுக்குவது இருவகை. ஒன்று 'ஸ்கீ'. காலுக்கொன்றாக இரண்டு நீண்ட மெல்லிய சட்டங்களைப் பூட்டி, கைகளில் கோல்களைப் பிடித்து, முன்னோக்கி நின்று சறுக்குவது. வடநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கையாண்ட நடைமுறை அது. புனித இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தையாக இருந்த காலத்திலேயே, 1984ஆம் ஆண்டில், இத்தாலியின் அடமெல்லோ பனிமலைக்குச் சென்று சறுக்கியதை மூத்த வாசகர்கள் நினைவுகூரக்கூடும். மற்றொன்று 'ஸ்னோபோர்டு' எனப்படும் ஒற்றைப் பலகை. இரு பாதங்களும் ஒரே பலகையில் குறுக்காகப் பிணைக்கப்பட்டிருக்கும். கையில் கோல் கிடையாது. உடல் பக்கவாட்டில் நிற்க, தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி வழியைப் பார்க்க வேண்டும். அம்மகன் கற்க விரும்பியது இதைத்தான்.

இப்பலகையின் வயது அதிகமன்று. 1965ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பென் என்பவர் தம் பெண்மக்கள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ சட்டங்களை ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். அவருடைய மனைவி அதற்கு 'ஸ்னர்ஃபர்' என்று பெயரிட்டார். பனியையும் அலைச்சறுக்கையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களின் கலவை அது. பாக்கு மட்டையில் தம்பியை அமர்த்தித் தெருவெல்லாம் இழுத்துச் செல்லும் நம் வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டத்திற்கு அது தூரத்து உறவு எனலாம். பின்னர் 1977ஆம் ஆண்டில் ஜேக் பர்டன் கார்ப்பென்டர் என்னும் இளைஞர் வெர்மான்ட் மாநிலத்தில் பலகை செய்யும் தொழிலைத் தொடங்கினார். பாதத்தைப் பலகையோடு பிணைக்கும் முறை படிப்படியாகச் சீர்பெற்றது. எனினும் பெரும்பாலான சறுக்கு மலைகள் இவர்களை நெடுங்காலம் உள்ளே விடவில்லை. ஸ்கீ பழகியவர்களுக்கு இவர்கள் அடங்காப் பிள்ளைகளாகத் தோன்றினர். 1983ஆம் ஆண்டில் வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் மலை கதவைத் திறந்தது. மற்றவையும் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1998இல் ஜப்பானின் நாகனோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டியில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. 2018இல் தென்கொரியாவில் நடந்த ஒலிம்பிக்கிலோ, செக் நாட்டு எஸ்தர் லெடெட்ஸ்கா ஸ்கீயிலும் தங்கம் வென்றார், பலகையிலும் தங்கம் வென்றார். இரு சாராரின் பழைய பூசலுக்கு இதைவிட நல்ல விடை வேறு வேண்டுமோ?

இனிக் கற்கும் முறையைக் காண்போம். முதலில் எந்தக் கால் முன்னே என்பதை அறிய வேண்டும். பளிங்குத் தரையில் ஓடிவந்து சறுக்கும் குழந்தை எந்தக் காலை முன்னே நீட்டுகிறதோ, பெரும்பாலும் அதுவே முன்கால். இடக்கால் முன்னிருப்பவரே பலர். வலக்காலை முன்வைப்பவரும் குறைவில்லை, அதில் குற்றமும் இல்லை. பின்னர் சமதரையில் முன்காலை மட்டும் பலகையில் பிணைத்து, மற்றக் காலால் உந்தி நகரப் பழக்குவர். பார்ப்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் மேலேறும் தொங்கு நாற்காலியிலிருந்து இறங்கும்போது ஒரு கால் மட்டுமே பிணைந்திருக்கும் என்பதால், இதைப் பழகாதவர் இறங்குமிடத்திலேயே உருண்டுவிடுவார். பின்னே வருபவரையும் உருட்டிவிடுவார்.

அடுத்த பாடம் விழுதல். ஆம், விழுவதைத்தான் முதலில் கற்பிக்கிறார்கள். ஸ்கீயில் விழும்போது சட்டம் காலைவிட்டுத் தானே கழன்றுகொள்ளும். பலகை அவ்வாறு கழலாது. இரு கால்களும் ஒன்றாகவே இருப்பதால் முழங்கால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆனால் அடி கைக்கு மாறிவிடுகிறது. பின்புறமாகச் சாயும் மனிதன் உள்ளங்கையை விரித்துத் தரையில் ஊன்றுவது இயல்பு. அப்பொழுது உடலின் முழுப் பாரமும் மணிக்கட்டில் இறங்குகிறது. புதிதாகப் பழகுவோரிடம் மணிக்கட்டு முறிவே மிகுதியாகக் காணப்படுவதற்குக் காரணம் இதுவே. ஆகவே ஆசிரியர் சொல்லித்தருவது: விழப்போகிறோம் என்று தெரிந்ததும் உடலைத் தாழ்த்து, கைவிரல்களை மடக்கி முட்டியாக்கி மார்போடு சேர், பின்னே விழுந்தால் மோவாயை நெஞ்சில் ஒட்டி, அமர்வதுபோல விழுந்து முதுகில் உருள், முன்னே விழுந்தால் முழங்காலும் முன்கையும் சேர்ந்து தாங்கட்டும். இதை நின்ற இடத்திலேயே பத்து முறை செய்து பார்க்கச் சொல்வார்கள். வெட்கப்படாமல் செய்தவரே பிழைத்தார். மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் அணிவது இதனோடு சேர்ந்தது. அக்காப்பு முறிவைக் குறைக்கிறது என்பது ஆய்ந்து கண்ட உண்மை.

பலகையின் இரு நீளப் பக்கங்களிலும் எஃகு விளிம்பு உண்டு. குதிகால் பக்கத்து விளிம்பு ஒன்று, கால்விரல் பக்கத்து விளிம்பு ஒன்று. வித்தை முழுவதும் இவ்விரண்டில்தான் அடங்கியிருக்கிறது. பள்ளத்தாக்கைப் பார்த்து நின்று, பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, கால்விரல்களை உயர்த்தினால் குதிகால் விளிம்பு பனியைக் கவ்விப் பிடிக்கும்; பலகை நிற்கும். பிடியைச் சற்றுத் தளர்த்தினால் மெல்ல வழுக்கி இறங்கும். இடமும் வலமுமாக ஆடி ஆடி இறங்கும் இப்பயிற்சிக்கு 'உதிரும் இலை' என்று அழகாகப் பெயரிட்டிருக்கிறார்கள். பின்னர் மலையைப் பார்த்துத் திரும்பி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, விரல் விளிம்பில் அதையே செய்ய வேண்டும். கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாததால் பலருக்கு இது அச்சம் தரும். எப்பொழுதும் மேட்டுப் பக்கத்து விளிம்பே பனியில் பதிந்திருக்க வேண்டும். கவனம் தப்பிப் பள்ளத்துப் பக்கத்து விளிம்பு பட்டுவிட்டால் பலகை சட்டென்று நின்றுவிடும், உடலோ நில்லாது. கண் இமைக்கும் நேரத்தில் மனிதன் தரையில் கிடப்பான். முதல் நாளில் வாங்கும் பலத்த அடிகளுள் பெரும்பாலானவை இவ்வாறு வருவனவே.

மெய்யான சோதனை திரும்புவதில் இருக்கிறது. ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்கு மாற வேண்டுமானால், ஒரு கணமேனும் பலகையின் முனை நேரே பள்ளத்தை நோக்க வேண்டும். அக்கணத்தில் வேகம் கூடுகிறது. வயிறு கலங்குகிறது. உடல் தன்னையறியாமல் மேட்டுப் பக்கம், அதாவது பின்காலின்மேல், சாய்கிறது. தற்காப்பென்று எண்ணி உடல் செய்யும் அச்செயலே கேட்டை வருவிக்கிறது. பாரம் பின்னே போனால் முன்முனை பனியைத் தொடாமல் இலேசாகி, திரும்ப மறுத்து, நேரே கீழ்நோக்கிப் பாயும். பாரம் முன்காலில் இருந்தால் மட்டுமே முனை பனியில் பதிந்து, சொன்னபடி திரும்பும். "பள்ளத்தின் பக்கம் சாய்" என்று ஆசிரியர் உரக்கச் சொல்வார். மாணவரின் காது கேட்கும், கால் கேளாது. திரோலில் என் அறைச் சன்னலுக்கு எதிரே பயிற்சிச் சரிவு இருந்தது. வயது வந்த ஆண்கள், பல ஊர்களில் அதிகாரம் செலுத்துபவர்கள், இந்த ஓரிடத்தில் காலையெல்லாம் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். ஆசிரியர் எதிரே நின்று இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, பின்னோக்கி நகர்ந்தபடி அவர்களைத் திருப்பிவிடுவார். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ அவர் மெல்லக் கையை விட்டுவிடுவார். விட்டது மாணவருக்குத் தெரியாது.

இதனாலேயே நண்பர்களிடம் கற்பதை நான் ஒப்புவதில்லை. நன்றாகச் சறுக்கத் தெரிந்தவருக்கு நன்றாகக் கற்பிக்கத் தெரியுமென்பது உறுதியன்று. உற்சாக மிகுதியில் முதல் நாளே மலையுச்சிக்கு அழைத்துச் சென்று, "என்னைப் பார்த்து வா" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிடுகிறார்கள். புதியவர் உச்சியில் அழாக்குறையாக அமர்ந்திருப்பார். செலவு கூடினும், பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் முதல் இரண்டு மூன்று நாள்களேனும் கற்பதே முறை. பலகையையும் காலணியையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும். நான் அத்தாயிடம் சொன்னதும் இதுவே: "போக வேண்டாமென்று சொல்லாதீர்கள் அம்மா, ஆசிரியரிடம் போ என்று சொல்லுங்கள்."

உடையைப் பற்றியும் ஒரு சொல். பருத்தி உடையும் ஜீன்ஸும் ஆகா. நனைந்தால் உலராமல் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். புதுப்பனி சூரியனின் புற ஊதாக் கதிர்களில் நூற்றுக்கு 80 பங்கு வரை திருப்பி வீசும். ஆதலால் கண்ணுக்குக் கண்ணாடியும் முகத்துக்குப் பூச்சும் கறுத்த தோலுடைய நமக்கும் தேவையே.

மலைக்கும் சாலைக்குப்போல விதிகள் உண்டு. மேலிருந்து வருபவரே, கீழே செல்பவருக்கு இடையூறின்றி வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒடுங்கிய இடத்திலும் மேட்டுக்குப் பின்னே பிறர் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நிற்கவோ உட்காரவோ கூடாது. விழுந்தால் விரைவில் ஓரத்துக்கு நகர வேண்டும். தடங்களுக்கு நிறக்குறி இட்டிருப்பார்கள். ஐரோப்பாவில் நீலம் எளியது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். வட அமெரிக்காவிலோ பச்சை வட்டமே எளியது. அங்கு நீலச் சதுரம் நடுத்தரத்தைக் குறிக்கும். ஐரோப்பாவில் பழகியவர் கனடாவில் நீலத்தைக் கண்டு ஏமாந்துவிடலாகாது. குறியிட்ட தடத்தைவிட்டு விலகிச் செல்வது பழகியவருக்கே ஆபத்து. அங்கே பனிப்பாறை சரிந்து ஆளை மூடிவிடும்.

கடல் கடக்காமலே கற்க விரும்புவோர்க்கு நம் நாட்டிலும் இடமுண்டு. காஷ்மீரத்தில் சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மார்க்கும், உத்தரகாண்டிலுள்ள அவுலியும் பெயர்பெற்றவை. குல்மார்க்கில் 2020ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் பலகைச் சறுக்கும் இடம்பெறுகிறது.

மூன்றாம் நாள் பிற்பகல் தனியே எச்சரிக்கத் தக்கது. அதற்குள் சிறிது திரும்ப வந்திருக்கும், துணிவும் வந்திருக்கும். தொடையோ களைத்திருக்கும். நண்பகலில் இளகிய பனி, வெயில் சாய்ந்ததும் மீண்டும் இறுகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். விளிம்பு எளிதில் கவ்வாது. "இன்னும் ஒரே ஒரு முறை" என்று எல்லாரும் கேட்கும் நேரம் அதுதான். எனக்குக் கற்பித்த முதியவர் அந்நேரத்தில் மறுமொழி பேசமாட்டார். குனிந்து தம் பலகையின் வாரை அவிழ்த்துவிடுவார்.