கேட்டலும் கடமையே

கருத்துப் பரிமாற்றம் சொல்பவரோடு முடிந்துவிடுவதன்று. கேட்பவர் அதனைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்பது சொல்பவருக்குத் தெரியவரும்போதே அது நிறைவு பெறுகிறது. அவ்வாறு தெரிவிப்பவை பல வேளைகளில் சொற்கள் அல்ல. பார்வை, முகக்குறிப்பு, கையசைவு, குரலின் ஏற்ற இறக்கம், மௌனம் ஆகியவையே. மைசூரு நகரில் தோன்றிய இரண்டு அமைப்புகளைக் கொண்டு இதனை நன்கு விளக்கலாம்.

குரல் மட்டும் இருந்தால்

மைசூரு மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி, 1935-ஆம் ஆண்டில் தமது இல்லத்திலேயே சிறு வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு இடப்பட்ட ‘ஆகாசவாணி’ என்ற பெயரே பின்னர் அகில இந்திய வானொலிக்கும் வழங்கலாயிற்று.

வானொலியில் பேசுபவர் நேயரின் முகத்தைக் காண இயலாது. புரியாமல் நெற்றி சுருங்குவதைக் கண்டு, வேறு சொற்களில் விளக்கவும் வழியில்லை. இக்குறையை ஈடுசெய்ய, 1956-இல் யுனெஸ்கோவின் துணையுடன் அன்றைய பம்பாய் மாநிலத்தின் 5 மாவட்டங்களில் வானொலி கிராம மன்றங்கள் சோதனை முறையில் அமைக்கப்பட்டன. மக்கள் ஒன்றுகூடி ஒலிபரப்பைக் கேட்டு, விவாதித்து, தங்கள் ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினர். மன்றங்கள் இருந்த கிராமங்களில் மக்களின் அறிவு பெருமளவு வளர்ந்ததை ஆய்வு காட்டியது. கேட்போருக்கும் பேச இடமளித்ததே இதன் சிறப்பு.

குரல் எட்டாவிட்டால்

1965-இல் மைசூருவில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம், செவித்திறன் குறைந்தோருக்கும் பேச்சுக் குறைபாடுடையோருக்கும் சிகிச்சை அளித்து, அத்துறைக்கான வல்லுநர்களையும் பயிற்றுவித்து வருகிறது. செவித்திறன் குறைந்தவர், பேசுபவரின் உதடுகளையும் முகத்தையும் கூர்ந்து கவனிக்கிறார். ஆயினும் உதட்டசைவு மட்டுமே போதாது. ‘படம்’, ‘மடம்’ என்னும் சொற்களை ஒலிக்கையில் உதடுகள் ஒன்றுபோலவே அசைகின்றன. எனவே பேசும் பொருளை முன்னரே கூறுவதும், முக்கிய விவரங்களை எழுதிக் காட்டுவதும் இன்றியமையாதவை. உரக்கக் கத்துவதால் உதட்டசைவு சிதையுமேயன்றிப் பயன் மிகாது.

அலுவலக மேசையில்

இவ்விரு படிப்பினைகளும் அரசு அலுவலகங்களுக்குப் பெரிதும் பொருந்தும். ஓய்வூதியம் நாடி வரும் முதியவர், அலுவலர் சொல்வதற்கெல்லாம் தலையசைக்கிறார் என்று கொள்வோம். அது உடன்பாடாக இருக்கலாம். மரியாதையாகவோ, சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லத் தயங்கும் கூச்சமாகவோ இருக்கலாம். தலையசைப்பைப் புரிதலெனக் கொண்டால், உரிய சான்றிதழ் உரிய நாளில் வந்து சேராது, உதவித்தொகையும் தடைப்படும். பிழை அவருடையதென்றே கோப்பில் பதிவாகும்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, எதிரில் இருப்பவரை நோக்கிப் பேசுதல் வேண்டும். வாயைக் கையாலோ காகிதத்தாலோ மறைத்தலாகாது. முகத்தில் வெளிச்சம் விழுமாறு அமர்தல் நலம். இடைமறியாது முழுவதும் கேட்டல் வேண்டும். “புரிந்ததா?” என்று வினவினால் “சரி” என்ற விடையே கிடைக்கும். “அடுத்து என்ன செய்வீர்கள்? சொல்லுங்கள்” என்று கேட்டால் உண்மை வெளிப்படும்.

திட்டங்களின் பயன் மக்களைச் சென்றடைவதற்கு நிதியும் ஆணையும் மட்டும் போதா. மக்கள் வாய்திறந்து சொல்வதையும் சொல்லத் தயங்குவதையும் ஒருங்கே உணரும் செவியும் கண்ணும் நிர்வாகத்துக்கு வேண்டும்.