'வணக்கம்' 32 பைட்: ஏபிஐ பிழைகளின் கணக்கு

ஏபிஐ வழியாகப் பதிவு அனுப்பும்போது பிழை வந்தால், புரோகிராமைத் திருத்தும் முன் எண்ண வேண்டியவை மூன்று: வந்த எண், போன பைட், கடந்த விநாடி.

வந்த எண்

400: அனுப்பிய தகவலின் வடிவம் தவறு.
401: ஆள் யாரென்று தெரியவில்லை, டோக்கன் இல்லை, அல்லது செல்லாது.
403: ஆள் தெரிகிறது, அனுமதி இல்லை. படிக்க மட்டும் உரிமையுள்ள டோக்கனால் பதிவிட முடியாது.
413: அளவு மீறிவிட்டது.
429: அடிக்கடி கேட்டுவிட்டோம்.

பைட் கணக்கு

'வணக்கம்' கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் புள்ளிகளும் தனிக் குறிகள் என்பதால் 7. யூடிஎஃப்-8இல் குறிக்கு 3 பைட் வீதம் 21. முகவரியில் சதவீதக் குறியீடாகப் போனால் 63 எழுத்து.

இதையே ஜேசனில், நான்கு ஆங்கில எழுத்துப் பெயருள்ள புலத்தில் வைத்தால், மேற்கோள், அடைப்பு எல்லாம் சேர்த்துக் கூடுதலாக 11 பைட், மொத்தம் 32. பைட்டை விட்டுக் குறிகளை எண்ணி, நீள ஹெட்டரில் 18 என்று எழுதினால், சர்வர் 18 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். அதன் கையில் இருப்பது 'வணக' வரைதான்; மூடும் மேற்கோளும் அடைப்பும் வந்து சேரவில்லை. பதில்: 400.

பேஸ்64 மாற்றத்தில் 3 பைட் 4 ஆகும். என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 எம்பி. 800 கேபி படம் சுமார் 1,067 கேபியாக வீங்கி 413 வாங்கும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எக்கோ கட்டளை வழியாகப் பேஸ்64 ஆக மாற்றினால் வரிமுடிவு 1 பைட் ஒட்டிக்கொள்ளும். கடவுச்சொல் சரியாக இருந்தும் 401.

விநாடிக் கணக்கு

2012இல் வந்த ஓஆத் 2.0 வரையறையின் எடுத்துக்காட்டில் டோக்கனின் ஆயுள் 3,600 விநாடி. பல சேவைகளிலும் அதுவே. காலையில் ஓடியது மதியம் 401 தந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

அமேசான் எஸ்3, கையொப்பமிட்ட கோரிக்கையின் நேரம் 15 நிமிடத்துக்கு மேல் விலகினால் 403 தரும். இந்திய நேரத்தை உலகப் பொது நேரம் என்று எழுதிவிட்டால் விலகல் 330 நிமிடம், வரம்பைப் போல 22 மடங்கு. இந்த 403க்கு அனுமதிப் பட்டியலைக் குடைந்து பயனில்லை. பதிலுக்குள் இருக்கும் பிழைப் பெயரைப் படித்தால் கடிகாரம் என்று தெரிந்துவிடும்.

மறுமுயற்சிச் செலவு

429 வந்தால், எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று சர்வர் ஹெட்டரில் சொல்லியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக் காத்திருங்கள். ஐந்து முயற்சிக்கு 31 விநாடி. 400க்கும் 413க்கும் அதே கோரிக்கையை எத்தனை முறை அனுப்பினாலும் வரவு பூஜ்யம்.