யாரும் கேட்காத விவரம் எதற்கு?

கிராபிக்ஸ் சிப்பை இயக்குவது லினக்ஸ் கர்னலுக்குள் இருக்கும் டிரைவர். திரையில் ஒரு விளையாட்டு ஓட வேண்டுமென்றால், மெசா போன்ற வெளி மென்பொருள் அந்த டிரைவரிடம் நினைவகம் எவ்வளவு, எஞ்சின்கள் எத்தனை என்று விசாரிக்கும். பதிலில் ஒரு விவரத்தைச் சேர்த்து வெளியிட்டுவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு. எங்கோ ஒருவருடைய நிரல் அதை நம்பியிருக்கும். பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இன்டெலின் எக்ஸ்இ கிராபிக்ஸ் டிரைவர் 2024 மார்ச்சில் லினக்ஸ் 6.8-உடன் வந்தது. அதற்கு முன் நடந்த திருத்தங்களைப் படித்தபோது, சேர்த்தவற்றைவிட நீக்கியவைதான் என்னைக் கவர்ந்தன. டிரைவர் தரும் பதில்களில் யாரும் படிக்காத புலங்கள் போயின. சிப்பின் ரிஜிஸ்டர்களை வெளியிலிருந்து தொடும் அழைப்பும் போனது. சிப்பின் நேரத்தைக் கணினியின் நேரத்தோடு ஒப்பிடத்தான் அது பயன்பட்டுவந்தது; அந்த வேலைக்கென்றே தனி வினவல் வந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இதுதான்.

லினக்ஸின் கிராபிக்ஸ் பிரிவில் புதிய இடைமுகம் கேட்டால், அதைப் பயன்படுத்தும் திறந்த மூல நிரலையும் காட்டியாக வேண்டும். ‘பின்னால் உதவும்’ என்ற வாதம் அங்கே எடுபடாது. எடுபடவும் கூடாது. டிரைவர் எழுத வரும் இளைஞர்களே, கேட்க ஆளில்லாத புலத்தை வெளியீட்டுக்கு முன்பே நீக்கிவிடுங்கள்.