இரண்டாவது திகதி

இலங்கையின் வெலிமடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பிள்ளை பெரிய பிள்ளையாகிவிட்டால், அது எந்த நாள், எத்தனை மணி என்பதை வீட்டார் மறக்காமல் குறித்துக்கொள்வார்கள். பஞ்சாங்கத்தில் நட்சத்திரம் பார்க்கவும், தண்ணீர் வார்க்க நாள் வைக்கவும் அது வேண்டும். மாமன் வீட்டுக்குச் சொல்லியனுப்புவார்கள். லயத்து அறையின் ஒரு மூலையைச் சேலையால் மறைத்து, பிள்ளைக்கு முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் கொடுப்பார்கள். சடங்கு முடிந்து பிள்ளை மறுபடி பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் முட்டையும் நின்றுவிடும், திகதி குறிப்பதும் நின்றுவிடும். இரண்டாவது முறை எப்போது வந்தது, அதற்கும் மூன்றாவதற்கும் இடையில் எத்தனை நாள் என்று கேட்டால் பிள்ளைக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. “ஒழுங்காக வருவதில்லை” என்பார்கள். நாற்பது நாளுக்கு ஒருமுறை வருவதும் நான்கு மாதம் வராமலே இருப்பதும் அந்த ஒரே பேச்சுக்குள் அடங்கிவிடுகின்றன. முன்னது இந்த வயதில் இயல்பு, பின்னது அப்படியல்ல. இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடியது திகதி ஒன்றுதான். அதைக் குறிக்காத வரை, பயப்பட வேண்டாததற்குப் பயந்துகொண்டும் கவனிக்க வேண்டியதைக் கைவிட்டும்தான் இருப்போம் என்பது என் வாதம்.

வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நாள் தவறுவது பெரும்பாலும் நோயினால் அல்ல. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமஸ் சைகை கொடுக்க வேண்டும், அதன் கீழுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி ஹோர்மோனை விட வேண்டும், சூலகம் ஒரு முட்டையை முதிர வைத்து வெளியே அனுப்ப வேண்டும். முட்டை வெளியானால் ஏறக்குறைய இரண்டு கிழமையில் இரத்தம் வரும். புதிதாகப் பெரிய பிள்ளையானவளின் உடலில் இந்த மூன்றும் இன்னும் ஒத்துப்போகப் பழகவில்லை. பல மாதங்களில் முட்டை வெளியாவதே இல்லை. கருப்பையின் உட்சுவர் கணக்கின்றித் தடித்து, ஒரு கட்டத்தில் தானாக உதிர்கிறது. அதனால்தான் சில முறை தள்ளிப்போகிறது, சில முறை அதிகமாகப் போகிறது. ஆனால் இதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஒருமுறை தொடங்கிய நாளிலிருந்து அடுத்த முறை தொடங்கும் நாள்வரை எண்ணினால் 21 முதல் 45 நாள்வரை இருக்கலாம். இரத்தப்போக்கு 7 நாளுக்குள் நிற்க வேண்டும். மூன்றாம் ஆண்டளவில் பெரும்பாலானோருக்கு 21க்கும் 34க்கும் இடையில் வந்துவிடும். 90 நாள் கடந்தும் வராத பிள்ளையையும், 15 வயதாகியும் பெரிய பிள்ளையாகாதவளையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் போல மாதவிடாயையும் உடல்நலத்தின் அடிப்படை அடையாளமாக எடுத்துக்கொள்ளும்படி அமெரிக்க மகப்பேற்று வைத்தியர்களின் கல்லூரி 2006இலும் மறுபடி 2015இலும் சொன்னது. நாடியை யாரும் சுமாராக ஓடுகிறது என்று எழுதிவைப்பதில்லை, எண்ணித்தான் எழுதுகிறார்கள்.

வரம்பு மீறினால் என்ன காரணம் என்று கேட்டால் வீடுகளில் வரும் பதில் சூடு, குளிர், தலைக்குக் குளித்தது. நான் முதலில் பார்க்கச் சொல்வது சாப்பாட்டுத் தட்டை. ஹைப்போதலமஸ் உடம்பின் கணக்குப்பிள்ளை. வரவு குறைந்தால், உயிர் தரிக்க உடனடியாகத் தேவைப்படாத செலவை முதலில் வெட்டிவிடும். கருவுக்கான மாதாந்த ஆயத்தம் அப்படி வெட்டப்படும் செலவு. கையிருப்பில் கொழுப்பு எவ்வளவு என்ற தகவலை மூளைக்குக் கொண்டுபோவது 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட லெப்டின் என்ற ஹோர்மோன். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1944–45 குளிர்காலத்தில் ஜேர்மன் படை உணவை மறித்தபோது, மேற்கு நெதர்லாந்தில் பட்டினி கிடந்த ஏராளமான பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனது. உணவு வந்த பின் திரும்பி வந்தது. தோட்டத்தில் அப்படி யாரும் பட்டினி கிடக்கவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அளந்தபோது, வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர், தோட்டங்களில் 100க்கு 32 பேர். அந்தத் தலைமுறைதான் இப்போது பெரிய பிள்ளையாகிக்கொண்டிருக்கிறது. நடுவில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. வளரும் வயதில் அந்த ஆண்டைக் கடந்த பிள்ளைகள் இவர்கள். வெலிமடையிலிருந்து கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் லொறி லொறியாகக் கொழும்புக்கு இறங்குகின்றன. அதே மலையில் எத்தனையோ பிள்ளைகள் காலையில் பாதி ரொட்டியைத் தின்று தேத்தண்ணி குடித்துவிட்டு ஏற்றமும் இறக்கமுமாக நடந்து பாடசாலைக்குப் போகிறார்கள். வயிறு நிறைந்திருக்கும், கணக்குப்பிள்ளையின் கையில் வரவு இருக்காது.

“இரத்தமில்லை, அதனால்தான் வரவில்லை” என்று சொல்வதும் உண்டு. இரத்தச்சோகை பொதுவாக மாதவிடாயை நேரே நிறுத்துவதில்லை. சத்துக் குறைவுதான் இரண்டுக்கும் தாய். சில பிள்ளைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு: அதிகம் போவதால்தான் இரத்தம் குறைகிறது. ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தாலோ அது அதிகம். பேட் வாங்கக் காசில்லாமல் ஒன்றையே நாள் முழுக்க வைத்திருக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கும் தெரியாமல் போகிறது. பாடசாலையில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் தேயிலையிலுள்ள டனின் அந்த இரும்பை உடலில் சரியாகச் சேரவிடாது. தண்ணீரோடு விழுங்கி, ஒரு மணித்தியாலம் கழித்துத் தேநீர் குடிப்பது நல்லது. தைரொயிட் சுரப்பி மந்தமானாலும் நாள் குழம்பும், போக்கு கூடும். அந்தச் சுரப்பிக்கு வேண்டிய அயடீனை நாட்டின் உப்பில் சேர்ப்பது 1995இல் கட்டாயமாக்கப்பட்டது. அடுப்படியில் மூடாமல் வைத்த உப்பு அந்த அயடீனைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும்.

திகதி குறிக்கப் பழகினால் தாய்மார் வீணாகப் பயந்து ஸ்கேன் எடுக்க ஓடுவார்கள், “நீர்க்கட்டி” என்ற பெயரைச் சுமந்துகொண்டு பிள்ளை திரும்பி வரும் என்று சிலர் எதிர்க்கிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை நம் நாட்டில் அரிதல்ல. கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுப் பெண்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வு, 100க்கு ஆறு பேரிடம் அதைக் கண்டது. ஆனால் இளம் சூலகத்தில் சிறு முட்டைப் பைகள் நிறையத் தெரிவது இயற்கை. அதனால்தான் 2023இன் சர்வதேச வழிகாட்டி, பெரிய பிள்ளையாகி எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது என்கிறது. வரம்பு மீறிய நாள் கணக்கும், முகத்தில் அடர்ந்து வளரும் முடி போன்ற ஆண் ஹோர்மோன் அறிகுறிகளும் சேர்ந்திருக்க வேண்டும். ஆக, வீண் ஸ்கேனிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றுவதே அந்தத் திகதிகள்தான். கழுத்தின் பின்புறம் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருந்தால், அதை அழுக்கென்று நினைத்து எத்தனையோ தாய்மார் கல்லாலும் நாராலும் தேய்க்கிறார்கள். தோல் புண்ணாகுமே தவிர கருமை போகாது. இன்சுலின் சரிவர வேலை செய்யாததை உடம்பு வெளியே காட்டும் அடையாளம் அது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு நாளும் தவறினால் வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. பலருக்குச் சில ஆண்டுகளில் சரியாகத்தான் செய்கிறது. அது வயதின் வேலை, தாலியின் வேலை இல்லை. சரியாகாதவர்களின் கதை வேறு. சத்தில்லாமல் நின்றுபோனவளுக்கு ஈஸ்ட்ரஜன் குறைகிறது, எலும்பு பலம் சேர்க்கும் வயதில் அது சேராமல் போகிறது. பிறகு எவ்வளவு பால் கொடுத்தாலும் அந்த இழப்பு முழுதாகத் திரும்பாது.

மனதையும் விட்டுவிட முடியாது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் மாதங்கள், தாய் மத்திய கிழக்குக்குப் போய்விட்ட வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்கும் பொறுப்பு, தூக்கமில்லாத இரவு இவையெல்லாம் ஹைப்போதலமஸின் சைகையை அடக்கக்கூடியவை. ஆனால் நாள் தள்ளிப்போனால் வீட்டில் எழும் முதல் சந்தேகம் வேறொன்று. அதற்குப் பயந்தே பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. கர்ப்பத்தையும் ஒரு காரணமாக வைத்தியர் பார்த்துத்தான் ஆக வேண்டும். அது குற்றச்சாட்டல்ல, எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. தாயை வெளியே இருக்கச் சொல்லி, பிள்ளையிடம் தனியாகக் கேட்க வேண்டியது. ஒற்றை அறையில் ஆறு பேர் இருக்கும் லயத்தில் அந்தரங்கமாக எதை எழுதிவைப்பது என்று கேட்பார்கள். கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தொடங்கிய நாளின் திகதியும், எத்தனை நாள் போனது என்ற இலக்கமும் போதும். பார்ப்பவருக்கு அது வெறும் எண். தரம் 10இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும் வைத்தியரிடம் அந்தக் கடைசி ஆறு திகதிகளை ஒரு பிள்ளை காட்டினால், வெலிமடை ஆதார வைத்தியசாலைக்கு அனுப்புவதா, இன்னும் சில மாதம் பொறுத்துப் பார்ப்பதா என்று அவர் அங்கேயே சொல்லிவிடலாம்.