களையா? கீரையா?

தில்லி, அரியானா, பஞ்சாப் ஆகிய பகுதிகளில் நவம்பர் மாதத்தில் கோதுமை விதைக்கப்படுகிறது. பயிர் முளைத்த சில நாள்களில், விதைக்காத செடி ஒன்றும் அதனூடே தலைகாட்டும். அதன் இலை வாத்தின் பாதத்தைப் போன்ற வடிவுடையது. இளந்தளிரின்மேல் மாவு தூவியது போல வெண்மை படிந்திருக்கும். இந்தியில் அதன் பெயர் பதுவா. கோதுமைக்குரிய நீரையும் உரத்தையும் அது உறிஞ்சிக்கொள்வதால், உழவர் அதனைக் களை என்று பிடுங்குகின்றனர். அதே செடி கட்டுக்கட்டாக நகரத்துச் சந்தைக்கு வரும்போது விலைமதிப்புள்ள கீரையாகிறது. குளிர்காலத்தில் பராட்டாவிலும் தயிர்ப் பச்சடியிலும் அதனைச் சேர்த்து மக்கள் விரும்பி உண்கின்றனர்.

செடி ஒன்றுதான். அதனை உணவாகக் கொள்ளும் அறிவு உள்ள இடத்தில் அது கீரை. பயிருக்கு இடையூறாகும் இடத்தில் அது களை.

ஒரு செடியை உணவாகக் கொள்வதற்கு மூன்று செய்திகள் தெரிந்திருத்தல் வேண்டும். அவை, செடியின் பெயர், அதனைக் காட்டும் அடையாளம், அதனைச் சமைக்கும் முறை என்பன. இவற்றுள் ஒன்றை மறந்தாலும் உணவு கைநழுவிப் போகும். சில வேளைகளில் தீங்கும் நேரும். ஊர்விட்டு ஊர் சென்று வாழும் குடும்பங்களில் முதலில் மறைவது பெரும்பாலும் பெயரே ஆகும்.

பெயர்

மணத்தக்காளி தமிழர் நன்கறிந்த கீரை. தமிழ்நாட்டிலேயே அதற்குச் சுக்குட்டிக்கீரை, மிளகுதக்காளி என்னும் வேறு பெயர்களும் உள்ளன. வட இந்தியாவில் அது மகோய் எனப்படும். பூங்காக்களின் வேலியோரத்திலும் காலி மனைகளிலும் அது தானாகவே முளைக்கிறது. ஊரில் உள்ள பாட்டி தொலைபேசியில் மணத்தக்காளி என்கிறார். தோட்டக்காரர் மகோய் என்கிறார். இரண்டும் ஒன்றே என்று அறியாத சிறுவன், வாயிலருகே நிற்கும் செடியை நாள்தோறும் கடந்து செல்கிறான்.

இதற்கு மாறாக, ஒரே பெயர் இரு செடிகளைக் குறிப்பதும் உண்டு. பிராமி என்னும் பெயரால் சில இடங்களில் வல்லாரையும், சில இடங்களில் நீர்ப்பிரமியும் விற்கப்படுகின்றன. வல்லாரையின் இலை சிறுநீரக வடிவில், ஓரம் வளைவு வளைவாக வெட்டுப்பட்டு, நீண்ட காம்பின் நுனியில் நிற்கும். நீர்ப்பிரமியின் இலையோ சிறியது, தடித்தது, தண்டில் எதிரெதிராக அமைவது.

இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே தாவரவியலார் ஒவ்வொரு செடிக்கும் இரு சொற்களால் ஆகிய பெயரைச் சூட்டினர். வல்லாரை சென்டெல்லா ஆசியாட்டிகா எனப்படும். நீர்ப்பிரமி பகோபா மொன்னியேரி எனப்படும். எந்த மாநிலத்திலும் செடி வாங்கும்போது இப்பெயரைச் சொல்லிக் கேட்டால் குழப்பம் குறையும்.

அடையாளம்

பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. பருப்புக்கீரை வெயில் காலத்தில் தரையோடு படரும். அதன் தண்டு சிவந்து, நீர்ச்சத்து மிக்கதாய் இருக்கும். இலை தடித்துக் கரண்டி வடிவில் இருக்கும். இந்தியில் குல்ஃபா எனப்படும் கீரை இதுவே. இதனருகிலேயே அம்மான் பச்சரிசி இனத்தைச் சேர்ந்த சிறு செடிகளும் தரையோடு படரும். தண்டை ஒடித்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அவற்றின் தண்டிலிருந்து வெண்மையான பால் வடியும். அப்பால் தோலிலும் கண்ணிலும் எரிச்சலை உண்டாக்கும். பருப்புக்கீரைத் தண்டில் பால் வடிவதில்லை.

மணத்தக்காளி கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கொடிய நஞ்சுடைய ஊமத்தையும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆகவே, ஒரு கீரையைப் போலத் தோன்றுகிறது என்பதற்காக எதனையும் வாயிலிடுதல் கூடாது. அச்செடியை நன்கறிந்த பெரியவர் ஒருவர் பார்த்து உறுதி செய்தபின்னரே அதனை உண்ண வேண்டும். சாலையோரத்தில் புகை படியும். சாக்கடையோரத்தில் அழுக்கு நீர் பாயும். வயலோரத்தில் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருக்கும். இவ்விடங்களில் வளர்வது நல்ல கீரையே ஆயினும் பறித்தல் தகாது. வீட்டில் வளர்த்தலே நலம்.

சமையல் முறை

பிரண்டை திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடியாகும். அதன் தண்டு நான்கு பட்டைகளும் பல கணுக்களும் உடையது. இந்தியில் அதனை ஹட்ஜோட் என்பர். எலும்பை இணைப்பது என்பது அப்பெயரின் பொருள். அதன் தண்டில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் உள்ளன. அதனால் பச்சையாகத் தின்றால் நாவும் தொண்டையும் அரிக்கும். நறுக்கும் கையும் அரிக்கும். சேனைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் அரிப்பதற்குக் காரணம் இத்தகைய படிகங்களே. ஆகவே, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இளந்தண்டின் நாரை உரித்து, எண்ணெயில் நன்கு வதக்கி, புளியும் உளுத்தம்பருப்பும் மிளகாயும் கூட்டித் துவையலாக அரைப்பர். முறை அறியாதவருக்கு அரிப்புத் தரும் அக்கொடியே, முறை அறிந்தவருக்குச் சோற்றுக்கு ஏற்ற துவையலாகிறது.

மணத்தக்காளியிலும் இவ்வாறே முறை உண்டு. நன்கு பழுத்த கனியை அப்படியே உண்ணலாம். பச்சைக் காயில் சொலானின் வகை நச்சுப்பொருள்கள் இருத்தலால் அதனைப் பச்சையாக உண்ணுதல் கூடாது.

மாடத்தில் ஒரு தோட்டம்

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோரும் இச்செடிகளை வளர்க்கலாம். ஓரடி ஆழமுள்ள தொட்டிகள் போதும். அடியில் நீர் வடியத் துளை இருத்தல் வேண்டும். தோட்டமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு எனக் கலந்து நிரப்ப வேண்டும்.

பிரண்டைக்கு விதை தேவையில்லை. இரண்டு கணுக்கள் உள்ள தண்டை வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை ஓரிரு நாள் நிழலில் வைத்து, ஒரு கணு மண்ணுள் இருக்குமாறு நட வேண்டும். நீர் மிகுந்தால் தண்டு அழுகும். விடுமுறைக்கு ஊருக்குச் செல்பவர் ஒரு தண்டைத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டு வரலாம். சில நாள் பயணத்தையும் அது தாங்கும்.

மணத்தக்காளிப் பழத்தை நீரில் பிசைந்தால் விதைகள் அடியில் தங்கும். அவற்றை நிழலில் உலர்த்தி விதைக்கலாம். பருப்புக்கீரையின் விதை மிகச் சிறியது. அது முளைக்க ஒளி உதவுவதால், மண்ணின்மேல் தூவி மெல்ல அழுத்தினாலே போதும். வல்லாரைக்கு வாயகன்ற தொட்டியும், அரை நிழலும், எப்போதும் ஈரமான மண்ணும் வேண்டும். வேர்விட்ட ஒரு கணு கிடைத்தால் அது தொட்டி முழுதும் படரும்.

வட இந்தியாவின் குளிர் இவற்றுள் பலவற்றுக்கு ஒவ்வாது. சனவரி இரவுகளில் வெப்பநிலை 5 பாகைக்கும் கீழே இறங்கும்போது பிரண்டையின் வளர்ச்சி நின்றுவிடும். அக்காலத்தில் தொட்டியைத் தெற்கு வெயில் படும் சுவரோரம் வைத்து, நீரைக் குறைக்க வேண்டும். காலியான தொட்டிகளில் அக்டோபர் மாதத்திலேயே பதுவாவை விதைத்துவிடலாம். கோடையில் தமிழ்நாட்டுக் கீரையும் குளிர்காலத்தில் வாழும் ஊரின் கீரையுமாக ஒரே தொட்டி இரு நிலங்களின் உணவைத் தரும்.

நாணத் தேவையில்லை

பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி உண்டு. வறுமையுற்ற பாணர் குடும்பத்தினர் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துக்கொண்டு உண்கின்றனர். அக்கீரை அவர்களின் பசியைத் தணித்தது. அதனை அறிந்து பறித்த கையும் அறிவுடையதே. இன்றும் தானாக முளைத்த கீரையைத் தாழ்வாக எண்ணிக் கைவிடுவோர் உளர். அதனைப் பறிக்கவும் சமைக்கவும் தெரிந்தவர்கள் இப்போது பெரும்பாலும் வீட்டின் முதியவர்களே. அவர்களிடம் கேட்டு அறியாவிடில், செடி வேலியோரத்தில் இருக்கும். அதனை உணவென்று சொல்ல வீட்டில் எவரும் இருக்கமாட்டார்.

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. பதுவா களையாகவும் கீரையாகவும் கருதப்படுவது ஏன்?
2. பருப்புக்கீரையை அம்மான் பச்சரிசி இனச் செடியிலிருந்து எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?
3. பிரண்டை அரிப்பதற்குக் காரணம் யாது? அதனை எவ்வாறு சமைப்பர்?

ஆ. செய்து பார்க்க.
வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் சிறுவயதில் உண்ட மூன்று கீரைகளைப் பற்றிக் கேட்டு, அவற்றின் பெயர், அடையாளம், சமைக்கும் முறை ஆகியவற்றை எழுதுக. நீங்கள் வாழும் ஊரில் அவை எப்பெயரால் வழங்குகின்றன என்பதையும் கேட்டறிந்து அருகில் எழுதுக.